கெட்ட வார்த்தைக்கு எத்தனை புள்ளி? காமன் சென்ஸ் மீடியாவின் நூல் மதிப்புரைகள், ஓர் அப்பாவின் பார்வையில்

வீட்டில் வாசிக்கிற பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது தாண்டிவிட்டால், அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் எவரும் காமன் சென்ஸ் மீடியா தளத்தில் ஒரு நாள் போய் நின்றே ஆக வேண்டும். ஒரு நாவலின் பெயரைப் போட்டு ‘எந்த வயதுக்கு’ என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் ஸ்டையர் என்பவர் 2003-இல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. சினிமா, வீடியோ கேம், ஆப், புத்தகம் என்று பிள்ளைகள் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் யாராவது உட்கார்ந்து பார்த்து, படித்து, வயது குறித்துத் தருகிறார்கள். இங்கே நான் பேசப்போவது புத்தகங்களைப் பற்றி மட்டும். அதிலும் குறிப்பாக, கெட்ட வார்த்தைகளை அளக்கும் ‘லேங்க்வேஜ்’ (மொழி) என்ற ஒரு வரிசையைப் பற்றி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சேவை, பயன்படுத்துங்கள். ஆனால் நம்மில் பலர் அதைத் திறந்ததும் பார்க்கிற இடம்தான் அதில் ஆகக் குறைவாக உதவுகிற இடம்.

நான் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் இருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு. மென்பொருள் டெஸ்டிங்தான் பிழைப்பு. கதை, நாவல் எல்லாம் கல்லூரியோடு விட்டுப்போய், மகள் தடித்தடியாக நாவல்களை லைப்ரரியிலிருந்து தூக்கிவர ஆரம்பித்த பிறகுதான் திரும்பவும் எட்டிப்பார்க்கிறேன். அவள் எடுப்பதெல்லாம் ‘யங் அடல்ட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய அலமாரியிலிருந்து. அந்த அலமாரியில் பன்னிரண்டு வயதுக்கானதும் பதினெட்டு வயதுக்கானதும் தோளோடு தோள் உரசி நிற்கும். அட்டையின் உள்மடிப்பில் சில பதிப்பகங்கள் ‘14 வயதுக்கு மேல்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், சில அதுவும் போடாது. சினிமாவுக்கு இந்த ஊரில் தணிக்கை வாரியம் மாதிரி ஒரு மதிப்பீட்டுக் குழு இருக்கிறது. 1984-இல் கொண்டுவந்த பிஜி-13 பிரிவில் (பதின்மூன்றுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனம் தேவை) எஃப் வார்த்தை, அதாவது அந்த எழுத்தில் தொடங்கும் ஆபாச வசவு, ஒரு முறை வந்தால் விட்டுவிடுவார்கள், அதற்கு மேல் போனால் பெரும்பாலும் ஆர் சான்றிதழ்தான், பதினேழுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும். புத்தகத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் இந்தத் தளம் கடை விரித்திருக்கிறது.

ஒரு நாவலின் பக்கத்தைத் திறந்தால் மேலே வயது இருக்கும், பக்கத்தில் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று இருக்கும். அதற்குக் கீழே வரிசையாகத் தலைப்புகள்: வன்முறை, பாலுறவு, மொழி, குடி, போதை, விளம்பரப் பொருட்கள், அப்புறம் நல்ல முன்மாதிரிகள் உண்டா, படிப்புக்கு உதவுமா என்று. ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டிருப்பார்கள். மொழி வரிசையைச் சொடுக்கினால் நாவலில் வருகிற கெட்ட வார்த்தைகளை நடுவில் கோடு போட்டு மறைத்து, எது அடிக்கடி வருகிறது, எது ஓரிரு தடவை என்று எழுதியிருப்பார்கள். மழுப்பல் இல்லை. ‘சில கடுஞ்சொற்கள் உள்ளன’ என்று பூசி மெழுகாமல் இன்னின்ன வார்த்தை என்று சொல்வதை நான் மதிக்கிறேன். அதற்கும் கீழே கதைச்சுருக்கம், நன்றாக இருக்கிறதா என்ற விமர்சனம், பிள்ளையோடு பேச சில கேள்விகள்.

என்னைப் போன்ற ஆளுக்கு இது ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெற்றோருக்கு இருக்கும் காரணமும் நமக்கு இருப்பதும் ஒன்றல்ல.

நான் படித்தது மதுரைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில். தமிழில் ஒரு வசவு காதில் விழுந்தால், அதை யார் யாரிடம் சொல்லலாம், பஸ் ஸ்டாண்டில் எது சாதாரணம், எதைச் சொன்னால் சட்டையைப் பிடிப்பார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்புக்கே தெரியும். ஆங்கிலக் கெட்ட வார்த்தையில் எனக்கு அந்த உணர்ச்சி கிடையாது. படங்களிலும் ஆபீஸிலும் கேட்டுப் பழகியதுதான். மென்பொருள் ஓடாமல் நின்றுவிட்டால் என் மேனேஜர் சொல்கிற வார்த்தையை நானும் சொல்லிவிட்டுப் போவேன், ஒன்றும் சுடாது. எல்லாமே என் காதுக்கு ஏறக்குறைய ஒரே எடை. என் மகளுக்கு அப்படியில்லை. இங்கே பிறந்தவள், அந்தச் சொற்கள் எங்கே சுடும், எங்கே சும்மா சத்தம் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். நம்மில் பலர் ஒன்று எல்லாவற்றுக்கும் பதறுகிறோம், அல்லது எதற்கும் அசைவதில்லை. இரண்டும் ஒரே காரணத்தால்தான்.

அங்கேதான் இந்தத் தளம் கை கொடுக்கிறது. டாம், ஹெல், கிராப் எல்லாம் இந்த ஊரில் லேசான பிரிவு. எஃப் வார்த்தை வேறு தரம். இவற்றை விடவும் நான் முக்கியமாகப் பார்க்க வேண்டியது நிறத்தையும் இனத்தையும் வைத்துச் சொல்லும் இழிசொற்கள். அந்த வகைச் சொற்கள் வந்தால் மதிப்புரையில் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். ஒரு ஆங்கில நாவலில் எஃப் வார்த்தை பத்து முறை வருவதைவிட, பழுப்பு நிறப் பிள்ளையைப் பார்த்து ஒருவன் ஒரே ஒரு சொல் சொல்லும் பக்கத்துக்கு முன்னால் நான் மகளோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அந்தச் சொல்லின் கனம் எனக்கு அகராதியில் கிடைக்காது, இங்கே கிடைக்கிறது.

ஆனால் அவர்கள் அளவுகோலும் அவர்கள் வீட்டு அளவுகோல்தான். ‘ஓ மை காட்’ என்பதையும், ‘ஜீசஸ்’ என்று அலுத்துக்கொள்வதையும் கெட்ட வார்த்தைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். கிறிஸ்தவ வீடுகளில் அது முக்கியம், புரிகிறது. எங்கள் வீட்டில் டம்ளர் தவறினால் ‘முருகா’, கரண்ட் போனால் ‘ஈஸ்வரா’. அதற்குப் புள்ளி போட ஆரம்பித்தால் எங்கள் சமையலறைக்கே வயது வரம்பு வைக்க வேண்டும்.

எங்கள் அம்மா வந்து ஆறு மாதம் தங்கிவிட்டுப் போனார். கராஜ் கதவு பாதியில் நின்றால் ‘கட்டையில போறவன் செஞ்ச கதவு’ என்பார். தெருவில் வேகமாகப் போகிற காரோட்டிக்கு ‘நாசமாப் போ’. லேங்க்வேஜ் வரிசையில் அம்மாவுக்குச் சுழியம்தான் கிடைக்கும். ஒரு கெட்ட வார்த்தைகூட வாயில் வராது. ஆனால் சாகட்டும் என்று அவர் சபித்த ஆட்களின் பட்டியல் நீளம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த அளவு எங்கே தடுக்கி விழுகிறது என்றால், எண்ணிக்கையில். என் தொழிலில் ஒரு மென்பொருளில் எத்தனை பக் (பிழை) இருக்கிறது என்று மட்டும் கேட்பவரை யாரும் மதிக்க மாட்டார்கள். பட்டனில் எழுத்து கோணலாக இருப்பதும் ஒரு பக், வாடிக்கையாளர் பணம் இரண்டு தடவை கழிவதும் ஒரு பக். எவ்வளவு கடுமை, எங்கே, யாரைப் பாதிக்கும் என்று எழுதாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுவோம். லேங்க்வேஜ் வரிசையில் ‘அதிகம்’ என்று மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடும் பெற்றோர் கையில் இருப்பது அப்படித் திருப்பி அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்தான்.

இதற்கு என் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஏஞ்சி தாமஸ் எழுதி 2017-இல் வந்த ‘தி ஹேட் யு கிவ்’ நாவலை அந்த ஆண்டின் கடைசியில் கேட்டி பள்ளி மாவட்டம் நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டது. புகாரின் மையத்தில் இருந்தது கெட்ட வார்த்தைகள். மாணவர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள், செய்தி நாடு முழுக்கப் போனது; பிறகு பெற்றோர் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனையோடு புத்தகம் திரும்பியது. அந்த நாவலில் எஃப் வார்த்தை 89 முறை வருவதாக ஆசிரியரே எண்ணிச் சொன்னார். முந்தைய ஆண்டில் போலீஸ் கையால் இறந்தவர்கள் 900-க்கும் மேல், கவலைப்பட வேண்டிய எண் அதுதான் என்பது அவர் பதில்.

அந்தப் பதில் சரியான அடிதான். ஆனால் நாவலைப் படித்த பிறகு எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. கதை சொல்லும் ஸ்டார் பதினாறு வயதுக் கறுப்பினப் பெண். தன் சிறு வயது நண்பனைப் போலீஸ்காரர் ஒருவர் சாலையோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்வதைக் கண்ணால் பார்த்தவள். அவள் குடியிருக்கும் பகுதி ஒன்று, படிக்கப் போகும் வெள்ளையர் நிறைந்த தனியார் பள்ளி வேறொன்று. பள்ளிக்குள் நுழைந்தால் நாக்கைக் கட்டிக்கொள்வாள். கொச்சை வராது, கோபம் வராது, தன்னை யாரும் ‘அந்தப் பகுதிப் பெண்’ என்று சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். வீட்டுக்கு வந்தால்தான் வாய் அவிழும். அதாவது இந்தக் கதையில் யார் எங்கே எப்படிப் பேசலாம் என்பதே கதை. அந்தப் பேச்சைத் துடைத்து எடுத்தால், எந்த இடத்தில் அவள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள், எந்த இடத்தில் விடுகிறாள் என்று வாசிக்கிற பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. ஆபீஸில் ஒரு ஆங்கிலமும் காரில் ஏறியதும் மதுரைத் தமிழும் பேசுகிற எனக்கு அது விளங்க ரொம்ப நேரம் ஆகவில்லை. 89 என்ற எண்ணில் இதில் ஒரு துளிகூட இல்லை.

எண்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பக்கத்தை விட்டு எண் மட்டும் தனியாக ஊர் சுற்றக் கிளம்பிவிடும். புக் லுக்ஸ் என்று இன்னொரு தளம் இருந்தது, 2025-இல் மூடிவிட்டார்கள். ஃப்ளோரிடாவில் தொடங்கியது. நாவலிலிருந்து ஆட்சேபத்துக்குரிய பத்திகளை மட்டும் வெட்டி எடுத்து, கடைசியில் எந்தக் கெட்ட வார்த்தை எத்தனை முறை என்று அட்டவணையும் போட்டு, 0 முதல் 5 வரை மதிப்பெண் தரும். பல பள்ளி மாவட்டங்களில் புத்தகத்தை எடுக்கச் சொல்லி வந்தவர்கள் கையில் அந்தத் தாள்கள்தான் இருந்தன. காமன் சென்ஸ் அந்த ரகம் அல்ல. கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறது, எதையும் எடுக்கச் சொல்வதில்லை. ஆனால் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் பகுதித் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாவலின் லேங்க்வேஜ் வரிசை மட்டும் வெட்டப்பட்டு வந்தது. ‘இதையெல்லாம் ஸ்கூல்ல எதுக்கு வெச்சிருக்காங்க?’ என்று கேள்வி. நாற்பது பேர் கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள். கதை எதைப் பற்றி என்று ஒருவர் கேட்டார், குழு சட்டென்று தீபாவளி பட்டிமன்றத்துக்குத் தலைப்பு தேடப் போய்விட்டது.

டெக்சாஸில் இதற்கு இப்போது சட்டமும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 13 சட்டம், பள்ளி நூலகங்களில் ஆபாசமான உள்ளடக்கத்தோடு, கெட்ட வார்த்தை சார்ந்த உள்ளடக்கத்தையும் தடை செய்கிறது. ‘பொதுத் தொல்லையாகக் கருதப்படும் அளவுக்கு மிக மோசமான மொழி’ என்கிற மாதிரி விளக்கம். அது எந்த அளவு என்று இருபது பேரைக் கேட்டால் இருபது பதில் வரும். புதிதாக வாங்கும் புத்தகப் பட்டியலை 30 நாள் பொதுவில் வைத்து, பள்ளி போர்டு ஒப்புதல் தர வேண்டும். போர்டில் உட்கார்ந்திருப்பவர்கள் பட்டியலில் உள்ள எல்லா நாவலையும் படிக்கப் போவதில்லை. எதைப் பார்ப்பார்கள்? யாரோ எண்ணி வைத்த எண்ணைத்தான். இது சேவையின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வரிசைக்கு இனி வேறு வேலையும் வந்து சேர்ந்துவிட்டது என்பதை அவர்கள் எழுதும்போது நினைவில் வைக்க வேண்டும்.

எண்ணுவதே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். யூட்டாவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா கோய்ன் குழு 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2008-இல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இருந்த 40 பதின்வயது நாவல்களை எடுத்து எண்ணினார்கள். 35 நாவல்களில் குறைந்தது ஒரு கெட்ட வார்த்தையாவது இருந்தது, மொத்தம் 1,500-க்கும் மேல். என் கவனத்தில் நின்றது அந்தத் தொகை அல்ல. அந்தக் கதைகளில் கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள் மற்றவர்களைவிடப் பணக்காரர்களாக, அழகானவர்களாக, செல்வாக்குள்ளவர்களாகக் காட்டப்பட்டார்கள் என்று கண்டார்கள். இதுதான் உருப்படியான எண்ணிக்கை. பேசுகிற ஆள் யார் என்று பார்த்தார்கள் இல்லையா? பள்ளியின் அழகான, கார் வைத்திருக்கிற பையன் கெட்ட வார்த்தை பேசுவதால்தான் கெத்தாகத் தெரிகிறான் என்றால், அங்கே எழுத்தாளர் சோம்பேறி. அது எனக்குப் பிடிக்காது. பாத்திரத்தை உருவாக்கத் தெரியாமல் அதன் வாயில் நாலு வார்த்தையைப் போட்டு ‘பார், பதினாறு வயசு’ என்று காட்டுகிற நாவல்கள் அந்த அலமாரியில் ஏராளம். கோய்ன் எச்சரிக்கைக் குறிப்பு வேண்டும் என்ற பக்கம். நானும் அந்தப் பக்கம்தான், குறிப்பு என்ற அளவோடு நிற்கும்வரை.

குறிப்போடு நிற்காமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு தயாரிப்பு இருந்தது. கிளீன் ரீடர் என்ற ஆப், 2015-இல் வந்தது. ஐடஹோவில் ஒரு தம்பதி. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தில் கெட்ட வார்த்தை இருக்கிறது என்று மகள் வருத்தப்பட்டதிலிருந்து பிறந்த யோசனை. மின்நூலைத் திறந்தால் கெட்ட வார்த்தை இருந்த இடம் மறைந்து ஒரு நீலப் புள்ளி நிற்கும், தொட்டால் மாற்றுச் சொல் வரும். சுத்தம், மேலும் சுத்தம், பளபள சுத்தம் என்று மூன்று நிலைகள். துணி சோப்பு விளம்பரம் மாதிரி. உடலுறுப்புப் பெயர்களையும் விடவில்லை, எல்லாம் ‘நெஞ்சு’, ‘பின்புறம்’ என்று ஆகிப்போயின. ஜோவான் ஹாரிஸ் உட்பட எழுத்தாளர்கள் கொதித்து எழ, சில வாரங்களில் ஆப் வழியாகப் புத்தகம் விற்பதை நிறுத்தினார்கள்.

அந்தத் தம்பதியின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பாத்திரம் வெடிக்கிற நேரத்தில் நீலப் புள்ளி வந்து நின்றால், வாசிக்கிற பிள்ளை அந்தப் புள்ளிக்கு அடியில் என்ன என்று யோசிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. கதை போயிற்று. காமன் சென்ஸ் புத்தகத்தில் கை வைப்பதில்லை. வெளியே நின்று சொல்கிறது. அந்த வேறுபாட்டுக்காகவே என்னிடம் ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் பெறுகிறது.

காமன் சென்ஸ் மீதும் புகார் வந்ததுண்டு. 2010 வாக்கில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடையின் தளத்தில் இவர்களுடைய மதிப்பீடுகளைச் சேர்த்தபோது, தணிக்கை எதிர்ப்பு அமைப்புகளும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள். அப்போது வன்முறைக்கு வெடிகுண்டுப் படம், பாலுறவுக்கு உதடு, குடிக்குக் கோப்பை என்று சின்னங்கள். நல்ல நாவலின் பக்கத்தில் நாலு வெடிகுண்டு நின்றால் யார் வாங்குவார்கள் என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. இப்போதைய வடிவம் எவ்வளவோ தேவலை.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு பக்கத்திலும் தளத்தின் வயது ஒன்று, பெற்றோர் சொல்லும் வயது ஒன்று, பிள்ளைகள் சொல்லும் வயது ஒன்று என்று மூன்று இருக்கும். கீழே பெற்றோர் கருத்துகளும் பிள்ளைகள் கருத்துகளும் தனித்தனியாக. பெற்றோர் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். பாதிப் பேர் அதே கெட்ட வார்த்தைகளைத் திரும்ப எண்ணியிருப்பார்கள், மீதிப் பேர் அவர்களைத் திட்டியிருப்பார்கள். பிள்ளைகள் பக்கத்தில்தான் சரக்கு. கெட்ட வார்த்தையைப் பற்றி அவர்கள் அலட்டிக்கொள்வது குறைவு. ‘எங்க ஸ்கூல் பஸ்ஸில் இதைவிட அதிகம்’ என்கிற தொனி. அவர்கள் எச்சரிக்கிற இடம் வேறு. நாய் சாகிறது, அம்மா விட்டுவிட்டுப் போகிறாள், ஒரு பெண் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறாள் என்று எழுதுகிறார்கள். தன்னைத் தூங்கவிடாமல் செய்தது எது என்று ஒரு பதின்வயதுப் பிள்ளை எழுதுவது, எந்த விமர்சகர் எழுதுவதைவிடவும் எனக்கு உதவியிருக்கிறது.

மகளுக்கும் எனக்கும் இது பற்றி ஒரு விவாதம் நடந்தது. நீச்சல் அணிப் பெண்கள் பற்றிய நாவல் ஒன்று, லேங்க்வேஜ் ‘அதிகம்’. நான் இழுத்தேன்.

“அப்பா, நீங்க அந்த லைன் மட்டும் பாத்துட்டு மூடிட்டீங்க. கீழ படிச்சீங்களா?”

“படிக்கணுமா? அதான் போட்டிருக்கே.”

“அதுல கெட்ட வார்த்தை பேசுறது எல்லாம் ஃப்ரெண்ட்ஸ்ப்பா. சிரிச்சுட்டே பேசுவாங்க. அந்தப் பொண்ண அழ வைக்கிறவ ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசல. ‘உனக்கு இந்த ஸ்விம்சூட் சைஸ் இருக்கானு கேட்டுட்டு வந்தியா’ன்னு ஸ்வீட்டா கேப்பா. அவ்வளவுதான்.”

அப்புறம் நானும் படித்தேன். அவள் சொன்னது சரி. அந்த வாக்கியத்தைத் தளத்தின் எந்த வரிசையில் போடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால், ‘லூசர்’, ‘ஸ்டுப்பிட்’ மாதிரி ஏச்சுகளையும் மொழி வரிசையில் குறிக்கிறார்கள், அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். ஆனால் இனிப்பாகச் சொல்லும் விஷத்துக்கு வரிசை கிடையாது. எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் தினமும் குடிப்பது அதைத்தான்.

பதின்வயது நாவலில் கெட்ட வார்த்தை இருக்கலாமா என்ற கேள்விக்கு என் நிலை, இந்தத் தளத்தைப் பயன்படுத்திப் பயன்படுத்தி வந்தது: இருக்கலாம், ஆனால் யாருடைய வாயில், எந்த நிமிடத்தில் என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடிபட்டவனின் வாயிலிருந்து வருவதும், சும்மா ஸ்டைலுக்கு வருவதும் ஒன்றல்ல. பதினோரு வயதுக் குழந்தைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அலமாரி வைத்துவிட்டு எல்லாவற்றையும் பதினொன்றுக்கு ஏற்பத் துடைக்கச் சொல்வது அநியாயம். பதினாறு வயதில் நம் ஊர் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் நாம். என்னென்ன கேட்டோம் என்று நமக்குத் தெரியும். அதையெல்லாம் கேட்ட காதோடுதான் ஒழுங்காகத் தேர்வும் எழுதினோம்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். உறுப்பினர் ஆகாமல் இலவசமாகப் பார்க்க ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நிறைய படிக்கிற பிள்ளை என்றால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரிய அமெரிக்கப் பதிப்பகங்களின் நூல்கள்தான் பெரும்பாலும் கிடைக்கும். சென்னையிலோ டெல்லியிலோ அச்சாகும் ஆங்கிலச் சிறார் நூல்களைத் தேடி ஏமாற வேண்டாம், தமிழ் நூல்கள் பற்றிக் கேட்கவே வேண்டாம். புதிதாக வந்த நாவலுக்கு மதிப்புரை ஏற நாளாகலாம். அப்போது கிர்க்கஸ் அல்லது ஸ்கூல் லைப்ரரி ஜர்னல் என்ற நூல் மதிப்புரை இதழ்களைப் பாருங்கள். அங்கே வார்த்தைப் பட்டியல் இருக்காது, வயது இருக்கும், கதை எப்படிப்பட்டது என்று நாலு வரியில் தெரிந்துவிடும். அல்லது பொது நூலகத்தில் பதின்வயதுப் பிரிவில் இருக்கும் லைப்ரேரியனிடம் கேளுங்கள். எங்கள் கிளையில் இருக்கும் அம்மணி, ‘உங்கள் பெண் கடைசியாக எந்தப் புத்தகத்துக்கு அழுதாள்?’ என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் நடப்பார்.

பக்கத்தைப் படிக்கும் வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கீழே போய், பிள்ளையோடு பேசத் தரும் கேள்விகளைப் பாருங்கள். கதையில் கனமான இடம் எது என்று அதிலேயே தெரியும். அடுத்து பிள்ளைகள் கருத்து. பிறகு ‘நன்றாக இருக்கிறதா’ பகுதி. லேங்க்வேஜ் வரிசையைக் கடைசியாக, அதுவும் இழிசொல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும். இப்படிப் பார்த்தால் பத்து நிமிடம் ஆகும். வயதையும் அளவையும் மட்டும் பார்த்தால் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடி வேலைக்கு இந்தத் தளம் தேவையில்லை, அட்டையின் உள்மடிப்பே போதும்.

என்னைக் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. லேங்க்வேஜ் வரிசையில் ‘யார் யாரிடம் சொல்கிறார்’ என்று ஒரு வரி சேர்த்தால் நாலரை தருவேன். சேர்ப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை, புத்தகத்தை ஏற்கெனவே படித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள்.